அறுபது பெட்டி இருட்டு

பயிர் என்றால் அப்படியொரு பயிர். இடுப்பு உயரம், கரும்பச்சை, காற்று வந்தால் சாலை வரைக்கும் கேட்கிற சலசலப்பு. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கடலோரத்துல என்ன செழிப்பு பாரு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன? தை பிறந்து பன்னிரண்டு நாளாகியும் அந்தச் செழிப்பில் ஒரு கதிர் இல்லை.

உப்பனாற்றுத் திடலில் மட்டுமல்ல, சுற்றியிருந்த எட்டு ஊரிலும் இதே கதைதான். போன வருஷமும் இப்படித்தான் ஆனது. அப்போது விதையைக் குறை சொன்னார்கள், உரக்கடைக்காரனைக் குறை சொன்னார்கள், கடைசியில் மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். இந்த வருஷம் குறை சொல்வதற்கும் ஆள் மிச்சமில்லை.

அந்த நெல்லுக்கு அலைதாங்கி என்று பெயர். ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறி வந்து வயலில் ஒரு வாரம் நிற்கும். வேறு நெல்லாக இருந்தால் மூன்றாம் நாளே வெந்துபோகும். இது மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்று, தண்ணீர் வடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் தூர் வெடிக்கும். இது போனால் அந்த எட்டு ஊரிலும் விதைக்க வேறு எதுவும் கிடையாது. ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தையல்நாயகி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வேளாண்மை அலுவலகத்து பஷீர், பேனாக்கத்தியால் ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்து லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாக அதே வயலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"பூச்சியா தம்பி?" என்றாள்.

"பூச்சியில்லக்கா. நோயும் இல்ல. பயிருக்கு ஒரு கொறையும் இல்ல. பூக்கணும்னு அதுக்குத் தோணவே இல்ல, அவ்வளவுதான்."

"தோணலயா? கார்த்திகை முடிஞ்சா தன்னால தள்ளுமே. எத்தனை வருஷமா பாக்குறோம்!"

பஷீர் கத்தியை மடக்கினார். "அதுக்குத் தேதி எப்புடித் தெரியுது சொல்லுங்க? வெயிலைப் பாத்து இல்ல. இருட்டைப் பாத்து. ராத்திரி எவ்வளவு நேரம்னு உள்ளுக்குள்ள அளந்துக்கிட்டே இருக்கும். பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல விடாம இருட்டு கெடைச்சா, சரி, ராத்திரி நீண்டு போச்சு, மழை முடியப் போவுது, இனிமே கதிர் தள்ளலாம்னு முடிவு பண்ணும். அப்புடி ஒரு இருபது இருபத்தஞ்சு ராத்திரி வரிசையா வேணும்."

"நடுவுல வெளிச்சம் பட்டா?"

"எண்ணினதெல்லாம் போச்சு. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணும். ஒரு நீள ராத்திரிய ரெண்டு குட்டி ராத்திரின்னு நெனைச்சுக்கும். அதோட கணக்குல இது இன்னும் கோடைகாலம்."

"எவ்வளவு நேரம் பட்டா?"

பஷீர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சில நிமிஷம் போதும்க்கா."

தையல்நாயகி மேலே பார்த்தாள். பட்டப்பகல். நீலமாக இருந்த வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அங்கே இருந்ததை ஊரில் ராச்சூரியன் என்று சொன்னார்கள். பூமியைச் சுற்றி வருகிற மெல்லிய கண்ணாடித் தகடுகள், பாய் பாயாக விரித்து விட்டவை. தினமும் ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு அவை வெயிலை வாங்கி அந்தக் கடற்கரைமேல் திருப்பிவிடும். இருபது நிமிஷம், விடியற்காலை மாதிரி வெளிச்சம். கடலுக்குப் போன படகெல்லாம் அந்த இருபது நிமிஷத்துக்குள் முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்டிக் கரைக்கு வந்துவிடும்.

அந்த வெளிச்சத்தைக் கேட்டு வாங்கியவள் தையல்நாயகிதான்.

அவளுடைய ஒரே மகன் சேந்தன். வயலில் உப்பு ஏறியபோது, கைச்செலவுக்கு ஆகட்டும் என்று நண்பன் படகில் போனவன். கார்த்திகை அமாவாசை இருட்டில் அந்தத் திட்டில் மோதிப் படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் ஒதுங்கினான். அவனோடு சேர்த்து அந்த வருஷம் ஐந்து பேர். தையல்நாயகி மகனுடைய போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தாள். பேப்பரில் வந்தது. இந்த மாதிரி வெளிச்சத்தை எங்கேயாவது விட்டுப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு விண்வெளிக் கம்பெனி, இதோ நாங்கள் தருகிறோம் என்று வந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து வெளிச்சம் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனால் மற்றவர்கள் பிள்ளைகளாவது பிழைக்கட்டுமே என்று நினைத்தாள். திறப்பு விழா மேடையில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

"பயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கையெழுத்துப் போட்டவன் நான்க்கா" என்றார் பஷீர். "குறுவை நெல்ல வெச்சு சோதனை பண்ணினோம். அதுக்கு ராத்திரி நீளம் கணக்கே இல்ல. நாள் ஆனா பூத்துடும். எல்லா நெல்லும் அப்புடித்தான்னு நெனைச்சுட்டேன்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அதில் யாருடைய கை முதலில் நீண்டது என்று இனிமேல் பேசி என்ன?

"இதுக்கு வழியே இல்லியா?"

"இருக்கு. பயிரோட கண்ணு சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் முழிக்கும். கண்ணாடியில அந்தச் செவப்ப மட்டும் வடிகட்டிட்டா, மனுசனுக்கு வெளிச்சம், பயிருக்கு இருட்டு. கம்பெனிக்கு எழுதிட்டேன். புதுத் தகடு மேல போவ மூணு வருஷம் ஆகும்னு பதில் வந்திருக்கு."

"மூணு வருஷமா? இந்த உப்புக் காத்துல விதை ரெண்டாம் வருஷமே முளைக்காது தம்பி."

"தெரியும்க்கா. விதை வங்கிக்கும் எழுதினேன். அவங்க வெச்சிருந்தது குளிர்பெட்டி நின்னுபோனப்பவே செத்துப் போச்சாம்." அவர் எழுந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார். "ஒங்க வீட்டுல பழசு எவ்வளவு இருக்கு?"

ஒரு படி இருந்தது. அதுதான் உலகத்தில் மிச்சமிருந்த அலைதாங்கி.

அதற்குள் ஒரு காரியம் செய்து பார்த்தாள் தையல்நாயகி. மீனவர் குப்பத்துக்குப் போய், இருபத்தைந்து ராத்திரிக்கு மட்டும் வெளிச்சத்தை நிறுத்தச் சொல்லி எல்லாரும் சேர்ந்து ஒரு மனு கொடுப்போம் என்று கேட்டாள். ஏலக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூசையம்மாள்தான் பேசினாள். சேந்தன் போன படகில் அவளுடைய அண்ணன் மகனும் போனவன். வெளிச்சத்துக்காகக் கலெக்டர் ஆபீஸில் ஒன்பது நாளும் தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"தையலு, வெளிச்சம் வந்து ரெண்டு வருஷத்துல நம்ம கரையில ஒரு சாவு இல்ல. பதினேழு படகு, படகுக்கு நாலு பேரு. இருபத்தஞ்சு ராத்திரின்னு லேசா சொல்லிட்ட. அதுல எந்த ராத்திரிக்கு யாரு புள்ளைய குடுக்கறதுன்னு நீயே சொல்லு, குடுத்துர்றோம்."

இதே கேள்வியைத்தான் அன்றைக்குத் தையல்நாயகி கலெக்டரிடம் கேட்டிருந்தாள்.

வேறு வழியில்லை. ஊருக்கு இருட்டு இல்லையென்றால் ஒரு கொட்டகைக்காவது இருட்டு வேண்டும்.

சேந்தன் நண்பர்களோடு வலை போட்டுவைத்திருந்த தகரக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால் சும்மாக் கிடந்தது. தையல்நாயகியின் கணவர் குமாரசாமி ஒரு வார்த்தை பேசாமல் வேலையை ஆரம்பித்தார். மகன் போனதிலிருந்து அவர் பேச்சு அப்படி. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அரைமணி நேரம் நிற்பார். கண் இருட்டுக்குப் பழகியதும் தகரத்தில் ஆணி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்து, படகுக்குப் பூசுகிற தாரைக் காய்ச்சி அடைப்பார். மறுபடி உள்ளே போவார். பதினொரு நாள் இப்படி. உள்சுவர் முழுக்கவும் தார் பூசினார். வாசலில் கறுப்புத் தார்ப்பாயை இரண்டு திரையாகத் தொங்கவிட்டார், ஒன்றை விலக்கி உள்ளே வந்து, அதை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

"உள்ள நின்னா என் கையே எனக்குத் தெரியல" என்றார் கடைசி நாள். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சித்திரையில் அந்த ஒரு படியையும் நனைத்துப் போட்டார்கள். முளைத்தது அறுபத்தொன்று. ஆமாம், ஒரு படி நெல்லில் அறுபத்தொன்று. ஐஸ் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளில் சேறு நிரப்பி, பெட்டிக்கு ஒன்றாக நட்டார்கள்.

ஆனி ஒன்றாம் தேதி எண்ணிக்கை தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டிகளை மீன்வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோக வேண்டும். காலை ஏழு மணிக்கு வெளியே வெயிலில் வைக்க வேண்டும். தரையில் ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து, எண் எழுதியிருக்கும். அந்தந்தப் பெட்டி அந்தந்த எண்ணில்தான் உட்காரும். மிஞ்சிய ஒன்று வாசலோரம். இதில் தையல்நாயகி கண்டிப்பு. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக வரிசை நிற்காது. கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கும்.

ராத்திரி பதினொன்றுக்கு அவள் முகத்துவாரத்துக்குப் போய்விடுவாள். வெளிச்சம் வந்த நாளிலிருந்து அது அவள் பழக்கம். ராச்சூரியன் எரிகிற இருபது நிமிஷமும் கரையில் நின்று படகுகளை எண்ணுவாள். பதினேழு வந்துசேர்ந்தால்தான் வீட்டுக்குத் திரும்புவாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. திரும்பும்போது குமாரசாமி படுத்திருப்பார். அவர் ஒருநாளும் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வந்ததில்லை.

இருபத்தைந்து ராத்திரி முடிந்தது. ஆடி பிறந்ததும் பஷீர் வந்தார்.

"ஒண்ணை அறுத்துப் பாக்கணும்க்கா. கதிர் தள்ளறதுக்கு முன்னாடியே உள்ள குருத்துல பிஞ்சுக் கதிர் அரிசி நுனி அளவுக்குத் தெரிஞ்சுடும்."

வாசலோரத்துப் பெட்டியை அவளே தூக்கிவந்து கொடுத்தாள். பஷீர் அறுத்தார். லென்ஸை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அவர் நிமிர்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எலைதான்க்கா. உள்ள இன்னும் எலைதான் இருக்கு."

"இருக்காது. சரியாப் பாருங்க."

"எங்கேயோ வெளிச்சம் வருதுக்கா."

"வராது! ஊசி முனை ஓட்டைகூட இல்ல. அவரு அடைச்சது. எங்கேருந்து வரும்?"

குமாரசாமி அன்றைக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். வெளியே வந்து தலையை ஆட்டினார். ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லையென்றால் ஆள். யாரோ பூட்டைத் திறந்து உள்ளே போகிறார்கள். தையல்நாயகிக்கு மூன்று வேளை சோறு இறங்கவில்லை. நான்காவது வேளை எழுந்து நேரே குப்பத்துக்குப் போனாள். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த சூசையம்மாளின் முன்னால் நின்று, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டாள். "இருட்டுல பயிர் பூத்துட்டா வெளிச்சத்தை நிறுத்திடுவாங்கன்னு பயந்துதானே என் பயிரைக் கெடுக்குற? எட்டு ஊரு அழிஞ்சு நடுத்தெருவுல நிக்கணும், நீங்க மீன் விக்கணும், அதானே?" என்றாள். குப்பத்துப் பெண்கள் சண்டைக்குச் சேலையை வரிந்துகொண்டார்கள். சூசையம்மாள் அவர்களைக் கையமர்த்தினாள்.

"ஒன் வயித்தெரிச்சல், பேசுற. பேசு" என்றாள். "ஆனா ராத்திரி படகு எண்ண வராம இருந்துடாத. நீ கரையில நிக்கிறன்னுதான் பயலுவ தெம்பா வர்றானுவ."

தையல்நாயகி அழுதுகொண்டே திரும்பினாள். அன்று ராத்திரியும் போய்ப் படகுகளை எண்ணினாள்.

பஷீர் சொன்னார் என்பதற்காக இருட்டை நிறுத்தவில்லை. ஐந்து மணிக்கு உள்ளே, ஏழு மணிக்கு வெளியே. அறுபது பெட்டி. நம்பிக்கையில் செய்தாள் என்று சொல்ல முடியாது. செய்யாமல் விட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் செய்தாள். விதைப்படியில் இனி ஒரு மணி கிடையாது. இந்த அறுபதும் முதிர்ந்து காய்ந்தால் அதோடு சரி.

ஆவணி எட்டாம் தேதி காலை, வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது கையில் ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். தோகைக்குள்ளே தண்டு உப்பியிருந்தது. தொண்டைக்கதிர். உள்ளே கதிர் திரண்டுவிட்டது.

கத்திவிட்டாள். குமாரசாமி ஓடிவந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்தார்கள். ஒன்பதில் இருந்தது. ஐம்பத்தொன்றில் இல்லை. ஒரே சேறு, ஒரே தண்ணீர், ஒரே கொட்டகை. நான்காம் நாள் அந்த ஒன்பதிலும் பால் வெள்ளையாகப் பூ வெளியே வந்து தொங்கியது. குமாரசாமி ஒரு பூவைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

பஷீர் வந்ததும் பூவைவிட்டுத் தரையைத்தான் முதலில் பார்த்தார். குமாரசாமி வாய்க்காலுக்குப் போயிருந்தார். பெட்டிகளெல்லாம் வெளியே வெயிலில் இருந்தன. காலியான கொட்டகைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, "பூத்த பெட்டி நம்பரைச் சொல்லுங்கக்கா" என்றார். அவள் சொல்லச் சொல்ல அந்தந்த எண்ணின்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தார். முதல் மூன்று வரிசையில் ஒவ்வொன்று, ஒன்றன் பின் ஒன்றாக. அடுத்த மூன்று வரிசையில் இரண்டிரண்டு.

பஷீர் சாக்கட்டியால் இரண்டு ஓரத்தையும் கோடு இழுத்தார். கோடுகள் ஒடுங்கி ஒடுங்கி, கிழக்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன.

"பாத்தீங்களா? வெளிச்சம் இங்கேருந்து கெளம்பியிருக்கு. தரையிலேருந்து ஒரு முழம் ரெண்டு முழம் உசரத்துல. சின்ன வெளிச்சம்தான், செல்போன் மாதிரி. தினம் தினம் கொஞ்ச நேரம். கொட்டகை பூரா பரவியிருக்கு, இந்த ஒன்பதைத் தவிர. இதுங்களுக்கு மட்டும் ஏதோ குறுக்க நின்னு மறைச்சிருக்கு. அந்த நெழல்ல இருந்ததெல்லாம் பூத்துடுச்சு." கோடு சேர்ந்த இடத்தில் டார்ச்சைக் காட்டினார். "இங்க தூண் ஏதும் இல்லியே. மூட்டை ஏதாச்சும் கெடந்துச்சா?"

தையல்நாயகி டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் தார் பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் சுவரைப் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்து, முன்னால் சாய்ந்தால் நெற்றி படுகிற உயரம். அங்கே கறுப்புத் தாரில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. ஒரு நாள் பட்டதல்ல. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நாள் பட்டு ஏறிய விபூதி.

அந்த வீட்டில் தினமும் படுக்கப்போகும்முன் நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஆள் ஒருவர்தான்.

"என்னக்கா இது, சுண்ணாம்பா?"

"சுண்ணாம்புதான் தம்பி" என்றாள். முந்தானையால் துடைத்தாள். "வலை மூட்டை ஒண்ணு இங்க கெடந்துச்சு."

பஷீர் அவளை ஒரு கணம் பார்த்தார். "மூட்டை மறைக்கும்க்கா. வெளிச்சம் போடாதே."

"நான் பாத்துக்கறேன் தம்பி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "இந்தச் சூட்டுல ஒன்பதுல பாதி பதராத்தான் போகும். வர்ற கையளவு நெல்ல நம்பி மூணு வருஷம் ஓட்ட முடியாது. ஒரு எலி போதும். ஆனா மிச்சம் ஐம்பத்தொண்ணும் இன்னும் பச்சையாத்தான் இருக்கு. விடாம இருபத்தஞ்சு ராத்திரி குடுத்தா, இப்பவும் பூக்கும். இதுதான் கடைசிக்கா. அதுக்கு மேல பயிருக்கு வயசாயிடும்."

அன்று சாயங்காலம் பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, தையல்நாயகி குப்பத்துக்குப் போனாள். சூசையம்மாள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு ராத்திரி எனக்காக நீ படகை எண்ணிக்க" என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது இது.

சூசையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியா?"

"ம்."

"யாரு?"

தையல்நாயகி சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சூசையம்மாளும் வலையின் அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டாள். "பதினேழு. நான் எண்ணிக்கறேன், போ" என்றாள்.

பதினொன்றுக்கு வழக்கம்போல வீட்டைவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் போய்க் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து, மாற்றுச் சாவியால் கொட்டகையைத் திறந்து, கதவை உள்ளேயிருந்தே பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தார் வாசனை. ஈரச் சேற்று வாசனை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாள். உட்காரும்போது இருந்த கோபம், உட்கார உட்காரப் பயமாகிக்கொண்டே வந்தது.

பூட்டு திறக்கிற சத்தம். முதல் திரை விலகுகிற சத்தம். மூடுகிற சத்தம். இரண்டாவது திரை. பெட்டிகளில் கால் படாமல் பழகிப்போன நடை. கிழக்குச் சுவரோரம் உடம்பு தாழ்ந்து உட்காருகிற பெருமூச்சு. சட்டைப்பையில் கை போகிறது.

"போனை எடுக்காதீங்க" என்றாள்.

அவர் பயந்து சுவரில் இடித்துக்கொண்டது கேட்டது.

"நீங்களாங்க? எட்டு ஊரு விதைய நீங்களா கெடுத்தீங்க?"

"நானா?" குமாரசாமியின் குரல் நிஜமாகவே திகைத்தது. "நான் என்ன பண்ணினேன்? வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு நானும்தானே தேடறேன்."

"கையில வெச்சுக்கிட்டே தேடியிருக்கீங்க. அந்தப் போன்லேருந்து வர்றது வெளிச்சம் இல்லியா?"

"இது வெளிச்சமா தையலு?" என்றார். "இது புள்ள மொகம் இல்ல?"

அவள் அவர் குரல் வந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் படகுலேருந்து அனுப்பினான். முப்பது செகண்டு இருக்கும். அதை மட்டும் பத்து தடவ பாப்பேன். அதுக்கு மேல பாக்க மாட்டேன்." தகரக் கூரைமேல் ஏதோ காகம் சத்தம் போட்டது. வெளியே ராச்சூரியன் உதித்துவிட்டது. விடிந்ததென்று தினமும் ஏமாறுகிற காகம். "அந்த எழவு வெளிச்சம் வரும்போது என்னால வெளியில இருக்க முடியல. ஊரு பூரா பளிச்சுன்னு ஆயிடுது. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா என்னவாம்? ஒளியறதுக்கு ஊர்ல இந்த எடம் ஒண்ணுதான் இருட்டா இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். "எம்புள்ள கடைசியா பேசினத எங்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டக் கூடாதுன்னு சொன்னான்" என்றார்.

கிழக்குச் சுவரோரம் கை துழாவுவது கேட்டது. சில்லென்று ஏதோ அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. போன். "நீயே வெச்சுக்க. இனிமே நான் உள்ள வரல. பயிரு பூக்கட்டும்."

தையல்நாயகி அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய முதுகு நிழலில் ஒன்பது பூத்ததை நினைத்தாள். அந்த நிழல் எத்தனை ராத்திரி அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஒன்பது பெட்டி ஏமாறாமல் எண்ணி முடித்திருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் எழுந்து, பின்சுவரில் மடித்து வைத்திருந்த உபரித் தார்ப்பாயைத் தடவி எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரித்து இருவர் தலைக்குமேலும் போர்த்தினாள்.

"எதுக்கு?" என்றார்.

"ஓரமெல்லாம் மடிச்சு உள்ள விடுங்க. கால் பக்கம் நல்லா செருகுங்க. ஊசி முனை இடம் இருக்கக் கூடாது."

ஓட்டை அடைப்பதில் அவர்தான் கெட்டிக்காரர். சுற்றிலும் விரலால் தடவித் தடவி, முழங்காலுக்கு அடியில் ஒரு மடிப்பு, இடுப்புக்குப் பின்னால் ஒரு மடிப்பு என்று அடைத்துக்கொண்டே வந்தார். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேர் மூச்சுமாக உள்ளே புழுங்கியது.

"சரியா இருக்கா?"

"ம்."

"இப்பப் போடுங்க." போனை அவர் கையில் வைத்தாள்.

வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் கழித்து அந்த முகம், தலையெல்லாம் உப்புத்தண்ணீர், சிரிப்பை அடக்கத் தெரியாத வாய், கையில் தூக்கிப் பிடித்த ஒரு கொடுவா மீன்.

"யப்பா, பாத்தியா, எந்தொடை தண்டி இருக்கு! காலையில கொண்டாந்து காட்டுறேன். மடையை நீ போயி அடைக்காத, வழுக்கும், நான் வந்து அடைச்சுக்கறேன். யப்பா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. மொகத்தைப் பாக்கணும் நான்."

முடிந்தது. தார்ப்பாய்க்குள் இருட்டிவிட்டது.

"இன்னொரு தடவ" என்றாள் தையல்நாயகி.

தார்ப்பாய்க்கு வெளியே ஐம்பத்தொரு பெட்டிகளுக்கும் அது முதல் ராத்திரி.